விமானத்துக்கு வைத்த பொட்டு

யுத்த காலத்தில் என் வீட்டுக்காரர் ஆவடியில் பட்டாளக் கிடங்கில் தச்சு வேலை பார்த்தார். நாள் முழுக்கப் பெட்டி அடிப்பதுதான் வேலை. அங்கிருந்த துரை ஒருவர், முந்தைய யுத்தத்தில் தான் ஓட்டிய விமானத்தைப் போலவே சின்னதாக மரத்தில் ஒன்று செய்து தரச் சொல்லி, ஒரு போட்டோவைக் கொடுத்தார். போட்டோ கறுப்பு வெள்ளை. நிறங்களை மேஸ்திரி வாயால் சொல்லி அனுப்பினார்: உடம்பு பச்சை. இறக்கையில் ஒரு வட்டம், வெளியே நீலம், உள்ளே வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு.

பருத்திப்பட்டில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் விமானமும் குடிவந்தது. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை. பெட்டிப் பலகையில் செதுக்கி, இடுக்குகளில் புட்டிப் பசை அடைத்து, உப்புத்தாளால் தேய்த்தார். ஒரு வாரம் சோற்றில் மரத்தூள் சேர்த்துத் தின்றோம்.

மேஸ்திரி முதலில் பச்சை டப்பாவை மட்டும் கொடுத்து அனுப்பியதால் உடம்பை முன்பே அடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நான் ஏரியில் துணி துவைத்துவிட்டு வந்தபோது மற்ற டப்பாக்களும் வந்து, வட்டத்தையும் அடித்து முடித்திருந்தார். வட்டத்தைப் பார்த்தேன். நீலம், வெள்ளை, நடுவில் பச்சை.

"இன்னா மாமா, நடுவுல பச்ச வெச்சிகீற?"

"செவப்புமே அது."

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் விளையாடுகிற ஆள் இல்லை. பச்சை, சிவப்பு இரண்டு டப்பாக்களையும் அவர் முன்னால் வைத்தேன். "இதுல செவப்பு எது?"

இரண்டையும் முகர்ந்து பார்த்தார். பிறகு பச்சையைக் காட்டினார்.

"நான் கட்டிகீற பொடவ இன்னா கலரு?"

கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல கலரு."

கல்யாணமாகி ஆறு வருஷம். சந்தையிலிருந்து காய்த் தக்காளியாகவே வாங்கி வருவார். கஞ்சத்தனம் என்று நினைத்து ஆறு வருஷமும் சண்டை போட்டிருக்கிறேன்.

"உனுக்கு ரெண்டும் ஒண்ணாவா தெரியுது?"

"எல்லாருக்கும் அப்டித்தான்னு நென்ச்சிகினு இருந்தேன். செவப்புன்றாங்க, பச்சன்றாங்க. நானும் சொல்லிகினு கீறேன்." குரல் இறங்கிவிட்டது. "கெடங்குல யாராண்டயும் சொல்லிடாதமே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

கண்ணாடிச் சில்லால் பச்சையைச் சுரண்டி எடுத்தோம். அவர் விமானத்தை அசையாமல் பிடித்துக்கொள்ள, சிவப்பை நான் வைத்தேன். காய்ந்ததும் இறக்கைகளுக்கு நடுவே கம்பிக்குப் பதிலாகக் கறுப்பு நூல் இழுத்துக் கட்டி, வார்னிஷ் பூசினோம். வார்னிஷில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டது. எடுத்தால் தழும்பு விழும் என்றார். விட்டுவிட்டோம்.

துரைக்கு ரொம்ப சந்தோஷம். வண்ணம் அப்படியே பொருந்தியிருக்கிறது என்று எல்லாரிடமும் காட்டினாராம். மறுவாரமே என் வீட்டுக்காரரைத் தச்சு வேலையிலிருந்து எடுத்து, பெயிண்ட் அடிக்கும் பிரிவில் போட்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். "இப்ப இன்னாமே பண்றது?"

"போய்ப் பாரு மாமா. முடியலன்னா உண்மைய சொல்லிடலாம்."

சாப்பிடாமலே போனார். மாலையில் திரும்பியபோது முழங்கை வரை பச்சை. அங்கே லாரிகளுக்கு அந்த ஒரு நிறம்தான் அடிக்கிறார்களாம். வேறு டப்பாவே கிடையாதாம். யுத்தம் முடியும்வரை அங்கேதான் இருந்தார். அவர் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை.