எட்டாங்கட்டையை மாற்ற மறந்தேன்

போன சனிக்கிழமை மதியம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வாழை இலைச் சாப்பாடு. அப்பளத்தை நொறுக்கப் போகிறேன்... முதுகில் ஓங்கி ஓர் அடி!

"அடியே! உயிரோடதான் இருக்கியா?"

திரும்பினால் – மகேஸ். பல்கலைக்கழகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி. கூடவே அவள் மகள் தர்ஷினி. கேட்காமலே என் மேசையில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபத்தைந்து வருடங்களாக நான் யார் கண்ணில் படாமல் ஓடிக்கொண்டிருந்தேனோ, அவள் எதிரே உட்கார்ந்து ரசம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்!

நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்கள். பத்தி எழுதுகிறவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸா என்று சிரிக்காதீர்கள். அதைப் படித்தால் ஏர்கோன் போட்ட குளுகுளு ரூமில் வேலை என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

ஆனால் என்ன நாள்கள் அவை! டிஸ்கெட்டைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போவோம். கம்ப்யூட்டர் லேப்பில் பல் கிட்டிக்கும் குளிர். இடம் பிடிக்கக் கீபோர்டு மேல் புத்தகம் வைப்போம், பென்சில் பெட்டி வைப்போம், ஒரு தடவை பாதி கடித்த கறிபாப்கூட வைத்தோம். எழுதிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் திரையில் நாற்பது பிழை காட்டும். எங்கோ ஒரு புள்ளியைச் சரி செய்தால் நாற்பதும் மாயம்! எழுந்து நின்று கைதட்டுவோம். இப்போது என்ன எழுதி முடித்தாலும் அந்தக் குதூகலம் வருவதில்லை.

மகேஸ் பந்திங்கிலிருந்து வருவாள். கிள்ளான் வரை பஸ், அப்புறம் ரயில். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. அதனால் என்ன செய்வாள் தெரியுமா? பஸ்ஸில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் புரோகிராம் எழுதுவாள். பென்சிலால்! கிள்ளானில் என் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது. நான் டைப் செய்து ஓட்டிப் பார்ப்பேன். மூளை அவளுடையது, விரல் என்னுடையது.

புரோகிராமில் ஒவ்வோர் எண்ணையும் போட்டு வைக்க ஒரு பெயர் வேண்டும். மற்றவர்கள் எக்ஸ், ஒய் என்று வைப்பார்கள். மகேஸ் அப்படியில்லை. பஸ் அந்த நேரம் எதைக் கடக்கிறதோ, அதுதான் பெயர். கோயில், பாலம், பாசார், எட்டாங்கட்டை – எட்டாவது மைல்கல் நின்ற இடம். எட்டாங்கட்டையைக் கோயிலோடு கூட்டிப் பாலத்தால் வகுப்பாள். டைப் செய்யும் எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

இரண்டாம் ஆண்டில், டேட்டா ஸ்ட்ரக்சர் என்ற பாடத்துக்கு ஒரு பெரிய அசைன்மென்ட். ஒரு கிளினிக்கில் நோயாளிகளை வரிசைப்படுத்தும் புரோகிராம். அவரவர் தனியாகச் செய்ய வேண்டும். நான் என்ன செய்தேன்? அவளுடையதை டைப் செய்து அப்படியே இன்னொரு பிரதி எடுத்தேன். கோயிலையும் பாலத்தையும் அழித்துவிட்டு என் சித்தி, அத்தை பெயர்களைப் போட்டேன். "போட்டுக்க லா, என்ன இப்போ?" என்றுதான் மகேஸும் சொன்னாள்.

ஒன்றை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன்... எட்டாங்கட்டை!

எங்கள் விரிவுரையாளர் மிஸ் லிம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். இரண்டிலும் எட்டாங்கட்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தமிழ் தெரியாத அவருக்கு எட்டாங்கட்டையும் ஒன்றுதான், என் சித்தியும் ஒன்றுதான். "எழுதியது யார்? விளக்குங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

நான் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கினேன். பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தவளுக்கு விளக்கத் தெரியாதா? மகேஸ் தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனவள். ஆங்கிலம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மலாயில் சொல்லலாமே என்கிறீர்களா? பயத்தில் அதுவும் வரவில்லை. "மிஸ்... திஸ்... ஐ..." அதோடு நின்றுவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவள் உன்னுடையதைப் பார்த்து எழுதினாளா?" என்று மிஸ் லிம் என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

எனக்கு 'ஏ' கிரேட். அவளுக்கு ஃபெயில். அந்தப் பாடத்தைத் திரும்பப் படித்ததில் அவள் எனக்கு ஒரு செமஸ்டர் பிந்தித்தான் முடித்தாள். ஆனாலும் மறுநாள் வந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பிழைத்திருப்பேன்! பட்டம் வாங்கிய கையோடு போன் நம்பரை மாற்றினேன். வெட்கம்... வேறென்ன?

இனி சாப்பாட்டு மேசைக்கு வருவோம். மகேஸ் இப்போது ஷா ஆலாமில் ஒரு கம்பெனியில் ஐடி மேனேஜர். மகளும் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், இரண்டாம் ஆண்டு. மகேஸ் கை கழுவ எழுந்து போனதும் தர்ஷினி என் பக்கம் குனிந்தாள்.

"ஆன்டி, அம்மா நெஜமாவே டேட்டா ஸ்ட்ரக்சர்ல ஃபெயிலா?"

அவ்வளவுதான். இருபத்தைந்து வருடப் பாரத்தை அந்தப் பெண்ணிடம் கொட்டிவிட்டேன். பஸ், பென்சில், எட்டாங்கட்டை, நான் தரையைப் பார்த்தது – எல்லாம். "உங்கம்மா ஃபெயில் ஆகலம்மா. திருடி நான்தான்!" கண்ணில் தண்ணீர். மனசு லேசாகிவிட்டது. ஏதோ பெரிய தியாகம் செய்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

தர்ஷினியின் முகம் சுண்டிவிட்டது.

"அப்போ... நான் மட்டும்தான் ஃபெயிலா?"

எழுந்து வெளியே போய்விட்டாள். ஈரக் கையோடு வந்த மகேஸ், "என்னடி சொன்ன அவகிட்ட?" என்றாள். சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ கடவுளே! போன செமஸ்டர் அவ அதே பாடத்துல ஃபெயில்டி. படிப்பே வேணாம்னு மூணு வாரமா ரூம்ல அழுதுகிட்டுக் கெடந்தா. நானும் அதுல ஃபெயில்தான், திரும்பப் படிச்சுப் பாஸ் பண்ணேன்னு சொல்லி இப்பதான் சம்மதிக்க வச்சேன். திங்கக்கெழம ரெஜிஸ்டர் பண்ணணும். கெடுத்துட்டியே!"

"மகேஸ்... மன்னிச்சிரு. அன்னைக்கும் நான்..."

"அன்னைக்கா? பஸ்ல வீடு வரைக்கும் அழுதுகிட்டே போனேன். உன் மேல அவ்ளோ கோவம். அப்புறம் வைராக்கியமா இங்கிலீஷ் படிச்சேன். கடைசிப் புராஜெக்ட்ட முக்கா மணி நேரம் இங்கிலீஷ்லயே வெளக்கினேன். மிஸ் லிம் எழுந்து நின்னு கைதட்டினாங்க, தெரியுமா? அதச் சொல்லத்தான் ஒடனே உனக்குப் போன் அடிச்சேன். நம்பர் இல்லன்னு சொல்லிச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபெயில் ஆக்கியது பாவம் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அந்தப் போனை எடுக்க நான் இல்லாமல் போனது அதைவிடப் பெரிய பாவம் என்று அன்றுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை மதியம், கிளம்பும்போது நான் கொடுத்த நம்பருக்கு, வாட்ஸ்அப்பில் மகேஸின் குரல்.

"ரெஜிஸ்டர் பண்ணிட்டா. 'தப்பே பண்ணாத நீங்களே திரும்பப் படிச்சீங்க, கோட்டை விட்ட நான் படிக்க மாட்டேனா'ன்னு கேக்கறா. நீ தப்பிச்ச! ஆனா ஒண்ணுடி... வாயத் தொறக்க வேண்டிய அன்னைக்கு மூடிக்கிட்ட, மூட வேண்டிய அன்னைக்குத் தொறந்துட்ட. இனிமே எதா இருந்தாலும் மொதல்ல எனக்குப் போன் அடி, சரியா?"

அடித்தேன் – இந்தப் பத்தியை முழுதாக வாசித்துக் காட்டி, அவள் "சரி, போடு லா" என்ற பிறகுதான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன்.