மீனம்மாவின் இரண்டு நம்பர்கள்

வெள்ளிக்கல் தோட்டத்தில் ஒரு பெண் பிரசவத்துக்குப் போனால், வேலை நாட்களைப் பதியும் செக்ரோல் புத்தகத்தில் அவளுடைய நம்பரை அடித்துவிடுவார்கள். பிள்ளை பெற்றுத் திரும்பி வரும்போது காலியாகக் கிடக்கும் ஏதாவது ஒரு நம்பரை அவளுக்குக் கொடுப்பார்கள். பழைய நம்பர் அதற்குள் வேறொருத்திக்குப் போயிருக்கும். இதை யாரும் குறையாக நினைத்ததில்லை. புத்தகத்தில் நம்பருக்குப் பக்கத்தில் பெயரும் இருந்தது. ஆகவே 88 என்றாலும் 212 என்றாலும் மீனம்மா மீனம்மாவாகத்தான் இருந்தாள்.

அழகுமுத்து அதே தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், தொழிலாளர் குடியிருந்த வரிசை அறைகளான லயத்தில் 1929-ல் பிறந்தவன். மீனம்மாவின் காம்பராவுக்கு மூன்றாவது காம்பரா. ராகலையில் படித்து, 1948-ல் தோட்ட ஆபீசில் சின்னக் கிளாக்கராகச் சேர்ந்தான். லயத்தில் பிறந்தவன் ஒருவன் அந்த ஆபீசில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. தன் எழுத்தில் ஒரு பிழை வந்தால் அதை லயத்தின் பிழையாகப் பேசுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். அதனால் எழுதியதையெல்லாம் இரண்டு தடவை சரிபார்ப்பான்.

அந்த வருடங்களில், இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஆட்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கொடுப்பதற்கான விசாரணைகள் நடந்துகொண்டிருந்தன. மனுப் போட்டவர்கள் இத்தனை வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். வாரத்துக்கு ஐந்து ஆறு பேருக்காகக் கரையான் அரித்த புத்தகங்களைப் புரட்டிப் புரட்டியே கிளாக்கர்மாருக்குப் பொழுது போயிற்று. 1957-ல், தோட்டத்தை நடத்திய கம்பெனி கொழும்பில் துளையட்டை இயந்திரம் ஒன்றை வைத்தது. அழகுமுத்துவை நான்கு மாதம் அனுப்பிப் பழக்கினார்கள்.

அட்டை ஒன்றில் எண்பது கட்டம். கட்டத்தில் எங்கே துளை விழுகிறதோ அதுதான் எழுத்து, அதுதான் எண். எதை வாசிக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும், எதை அச்சடிக்க வேண்டும் என்பதை ஒரு பலகையில் கம்பிகளைச் செருகிச் சொல்ல வேண்டும். சொல்லாததை இயந்திரம் ஊகித்துக்கொள்ளாது. இது அவனுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக உடைக்க வேண்டும், ஒவ்வொரு துண்டையும் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரு விஷயத்தை ஓரிடத்தில் மட்டும் எழுத வேண்டும், பிழையின் மேல் ஒட்டுப் போடாமல் வேரிலிருந்து திருத்த வேண்டும் என்றெல்லாம் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கல்லின் இருபத்தைந்து வருடப் புத்தகங்களை அட்டைகளாக்கும் திட்டத்தை அவன்தான் வகுத்தான். ஓர் ஆளுக்கு ஒரு வருடத்துக்கு ஓர் அட்டை. பெயர் எழுதினால் இருபது கட்டம் போய்விடும். நம்பருக்கு மூன்று கட்டம் போதும். பெயர்களை ஒரே பட்டியலில் வைத்தால் திருத்த வேண்டியதும் ஒரே இடத்தில்தான். இப்படி யோசித்து அட்டையிலிருந்து பெயரை எடுத்துவிட்டான். பட்டியலில் இருந்தது அன்று அந்தந்த நம்பரை வைத்திருந்தவர்களின் பெயர்கள் மட்டுமே.

பத்துப் பேரை வைத்து ஓட்டிப் பார்த்தான். தொழிற்சாலை ஆபீசுக்குப் பக்கத்தில் இருந்ததால் அங்கே வேலை செய்த பத்துப் பேரைப் பிடித்தான். பத்தும் சரியாக வந்தன. பத்துப் பேரும் ஆண்கள். 1958 டிசம்பர் 28-ம் திகதி பழைய புத்தகங்களைத் தொழிற்சாலை அடுப்பில் எரித்தார்கள். அதற்கான கடிதத்தில் அழகுமுத்துவின் கையெழுத்து இருந்தது.

1959 மார்ச் 11-ம் திகதி மீனம்மாவுக்கு நுவரெலியாவில் விசாரணை. புருஷன் மாயாண்டி 1944-ல் காய்ச்சலில் போனபின் தனியாக நின்று, தனக்கும் மகள் நாகலெட்சுமிக்குமாக மனுப் போட்டிருந்தாள். கையில் இயந்திரம் அச்சடித்து அழகுமுத்து கையொப்பமிட்ட தாள். மறுநாள் காலையில் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

“நாலு வருஷம் எங்க போயிருந்தேன்னு கேட்டாங்க, கிளாக்கரய்யா. எங்கயும் போகலைங்கன்னேன். இந்தியாவுக்கான்னாங்க. எனக்கு ராகலைக்குப் போற பஸ்ஸுலயே வாந்தி வருதுங்க, கப்பல்ல எப்படிங்க போறதுன்னேன். சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, தாள்ல இல்லையேன்னு சொல்லிட்டாங்க.”

ஆபீசில் ஆள் இருக்கும்போது கிளாக்கரய்யா என்பாள். லயத்துப் பக்கம் கண்டால் தம்பி என்பாள்.

அழகுமுத்து தாளைப் பார்த்தான். 212-ம் நம்பர் 1938 வரை வேலை செய்திருக்கிறது. பிறகு நான்கு வருடம் ஒன்றுமில்லை. 1943-ல் மறுபடி தொடங்குகிறது. 1938-ல் தோட்டத்தை விட்டுப் போன யாரோ ஒருத்தியின் நாட்களும், நம்பர் சும்மா கிடந்த நான்கு வருடமும் மீனம்மாவின் கணக்கில் ஏறியிருந்தன. நாகலெட்சுமி பிறக்கும்வரை மீனம்மா 88. அந்த நாட்கள் வேறொருத்தியின் பெயரில் கிடந்தன.

ஏப்ரல் 2-ம் திகதி மறுப்புக் கடிதம் வந்தது. மேன்முறையீட்டுக்கு மூன்று மாதம். ஜூலை 2 கடைசி நாள்.

பெரிய கிளாக்கர் கனகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கையாலை ஒரு கடிதம் எழுதும், தம்பி. இன்ன நம்பர் இன்னாருடையது எண்டு. தோட்டத்துத் துரை கையெழுத்து வைப்பார். பிறகு ஆறுதலா உம்மட அட்டையளைத் திருத்தும்.”

“அப்படிச் செஞ்சா கடுதாசி ஒன்னு சொல்லும், அட்டை ஒன்னு சொல்லும். எதைங்க நம்புவாங்க? இவங்க ஒருத்தர் மட்டும் இல்ல. தோண்டிப் பார்த்தா இன்னும் எத்தனை பேரோ.”

“நீர் தோண்டும். அவளுக்கு எழுதிக் குடுத்திட்டுத் தோண்டுமன்.”

அவன் எழுதவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியின் பிரசவப் புத்தகத்தை எடுத்துவந்தான். அதில் ஒவ்வொரு தாயின் பெயருக்கும் எதிரே அவள் வரும்போதிருந்த நம்பர் இருந்தது. ஆறு வாரம் உட்கார்ந்து ஒப்பிட்டான். விசாரணையை எதிர்பார்த்திருந்த பெண்களில் இப்படி இரண்டு நம்பர்க்காரிகள் நாற்பத்தொரு பேர். ‘முந்திய நம்பர்’ என்று அட்டையில் மூன்று கட்டம் ஒதுக்கி, கம்பிப் பலகையை எப்படி மாற்றிச் செருக வேண்டும் என்று படம் வரைந்து மே 25-ம் திகதி கொழும்புக்கு அனுப்பினான்.

அரையாண்டு வேலை முடியும்வரை இயந்திரம் கிடைக்காது என்று பதில் வந்தது.

“நாள் போகுது,” என்றார் கனகலிங்கம், ஜூன் 10-ம் திகதி.

“இன்னும் மூணு வாரம் இருக்குங்களே.”

“உம்மட இயந்திரத்துக்கு நான் சொல்லேல்லை. அந்த மனுசிக்குச் சொல்லுறன்.”

திருத்திய தாள்கள் ஜூலை 11-ம் திகதி வந்தன. நாற்பத்தொன்றிலும் ஒரு பிழை இல்லை. மீனம்மாவின் தாளில் 1936 முதல் ஒரு வருடமும் விடுபடவில்லை. அன்றைய தபாலிலேயே அனுப்பினான். உரிய காலம் கடந்துவிட்டது, ஒன்பது நாள், என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அன்று பின்னேரம் அவன் கீழ்ப்பிரிவுக்குப் போனான். மீனம்மா கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒரு கடுதாசி எழுதிக் குடுத்திருந்தாலே போதும்னு பெரிய கிளாக்கரய்யா சொன்னாராமே, தம்பி?”

“சொன்னாருக்கா.”

“ஏன் எழுதல?”

நாற்பத்தொரு பேரைப் பற்றிச் சொன்னான். ஒட்டுப் போட்டால் நிற்காது என்று சொன்னான்.

“அந்த நாப்பத்தோரு பேருல நான் எத்தனையாவது ஆளு?”

“நீங்கதான் முதல்.”

“மத்தவங்களுக்கெல்லாம் நாள் இருக்கா?”

“இருக்குக்கா.”

கூடையை இன்னொரு தடவை தட்டினாள். ஒரு காம்பு விழுந்தது.

“சரிங்க, கிளாக்கரய்யா,” என்றாள்.

அதன்பின் லயத்திலோ கோவிலிலோ அவள் அவனைத் தம்பி என்று கூப்பிடவில்லை.

மற்ற நாற்பது பேரில் இருபத்தாறு பேருக்கு அந்தத் தாளால் பிரஜாவுரிமை கிடைத்தது. கம்பெனி மகிழ்ந்துபோய், அவனுடைய கொப்பியிலிருந்த விதிகளை 1960-ல் பதினாறு பக்கப் புத்தகமாக அச்சடித்துப் பதினொரு தோட்டங்களுக்கு அனுப்பியது. ஏழாவது விதி, ஒருவருக்குக் கொடுத்த நம்பரை அவர் இறந்தாலும் மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது. எட்டாவது, ஓட்டிப் பார்ப்பதற்குக் கிட்ட இருப்பவர்களை எடுக்காமல் சிக்கல் உள்ளவர்களைத் தேடி எடுக்க வேண்டும். ஒன்பதாவது, பிழையின் மேல் ஒட்டுப் போடாமல் வேரிலிருந்து திருத்த வேண்டும். ஒன்பதாவதை எடுத்துவிடும்படி எழுதியிருந்தான். அச்சில் அப்படியே வந்தது. வெள்ளிக்கல்லுக்கு வந்த ஆறு பிரதிகளிலும் அதற்குக் கீழே மையால் எழுதினான்: ‘ஆளுக்குக் கடைசி நாள் குறித்திருந்தால் முதலில் கையால் எழுதிக் கொடுக்கவும்.’ மற்றப் பத்துத் தோட்டங்களுக்கும் தனித்தனியே கடிதம் போட்டான். அச்சிட்டதில் கிறுக்க வேண்டாம் என்று கொழும்பிலிருந்து ஒரு குறிப்பு வந்தது.

1962-ல் கனகலிங்கம் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். அழகுமுத்து பெரிய கிளாக்கரானான்.

1964 அக்டோபரில் இரண்டு அரசாங்கங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டன. பிரஜாவுரிமை இல்லாதவர்களில் இத்தனை பேர் இங்கே, இத்தனை பேர் இந்தியாவுக்கு என்றானது. மறுவருடம் தைப்பொங்கல் கழிந்து, வெள்ளிக்கல்லில் உரிமை இல்லாதவர்களின் பட்டியலைக் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. பலகையில் கம்பிகளை எப்படிச் செருக வேண்டும் என்று அழகுமுத்துவே எழுதி அனுப்பினான். ஒன்பது நாளில் பட்டியல் வந்தது. நான்காம் பக்கத்தில் ஆறாவது வரி: 212, மீனம்மா. முந்திய நம்பர் 88. வேலை தொடங்கியது 1936. இடைவெளி இல்லை.

வழக்கம்போல இரண்டு தடவை சரிபார்த்தான். பிழை ஒன்றுமில்லை. கீழே கையெழுத்து வைத்தான்.