முருகன் படத்துக்கு முன்னால் நான் வைத்த பெட்டி

என் மகள் சாம்பவி பள்ளிக்கூட உடுப்போடு குளியலறை வாசலில் குந்தியிருந்து, "அம்மா, மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு" என்று சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நெஞ்சின் வலப்பக்கத்தைப் பொத்திப் பிடித்திருந்தாள். பள்ளிக்குப் போகப் பஞ்சிப்பட்டு நடிக்கிறாள் என்று நினைத்து நான் ஏசினேன். உதடு நீலம் பாரித்ததைக் கண்ட பிறகுதான் அம்புலன்சுக்கு அடித்தேன்.

நாங்கள் 2009இல் ஜெர்மனியிலிருந்து வந்து, மிச்சம் என்கிற இங்கிலீஷ் ஊரில் ஒரு சின்னக் கடை போட்டவர்கள். சாம்பவி பிறந்ததும் அந்த வருஷம்தான். முருகனை நம்பித் திறந்த கடை, சிகரெட்டும் சாராயமும் வைப்பதில்லை என்று என் கணவர் நேர்ந்திருந்தார். கோயிலில் நாலு பேர் அதைச் சொல்லிப் புகழும்போது எனக்குத் தலைகால் தெரியாது. புதுச் சாமான் எது வந்தாலும் முதல் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் தொட்டு, முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் விற்போம்.

பற்றரியில் சூடாகி வாசனை ஆவி தருகிற, பாவித்துவிட்டு எறிகிற வேப் வந்தபோதும் அப்படித்தான் செய்தேன். மாம்பழ வாசம், வத்தகப்பழ வாசம், நிறம் நிறமாகப் பிள்ளைகளின் பேனைகள் மாதிரி இருந்தன. என் கணவர் யோசித்தார்.

"இஞ்சேரும், இதுவும் சிகரெட்டின்ர குடும்பந்தானே?"

"இதில எங்க புகை? வெறும் ஆவி. சிகரெட்டை விட நினைக்கிற சனத்துக்கு உதவியாயிருக்கும்" என்று அவர் வாயை அடைத்தது நான்தான். உள்ளே நிக்கொட்டின் இருக்கிறது, அடிமையாக்கும் என்று பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் குங்குமம் வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரல் காற்றுப்போன பந்துபோலச் சுருங்கியிருந்தது. விலாவில் துளைத்துக் குழாய் விட்டார்கள். பிள்ளை புகைப்பாளா, வேப் அடிப்பாளா என்று டொக்டர் கேட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே இல்லை என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். சாம்பவி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நேர்ஸ் அவளுடைய பிளேசரைக் கொண்டுவந்து தந்தார். பொக்கெட்டுக்குள் இளஞ்சிவப்பில் ஒன்று கிடந்தது. எங்கள் கடைச் சாமான். மாதக்கணக்காக எங்கள் தட்டிலிருந்துதான் எடுத்திருக்கிறாள். அவளுடைய அறையில் வந்த மாம்பழ வாசத்தை நான் ஏதோ ஸ்பிரே என்று நினைத்திருந்தேன். இதனால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் இதை விடாவிட்டால் திரும்பவும் வரலாம் என்றார் டொக்டர்.

அன்று மத்தியானம் கடையைத் திறந்து முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். எந்த முகத்தோடு கேட்பது? அவன் கண்ணுக்கு முன்னால் வைத்துத்தானே விற்றேன். "என்ர பிழைக்குப் பிள்ளையை எடுத்துப்போடாதை, அப்பனே" என்று மட்டும் சொல்லி அழுதேன். இருந்ததெல்லாவற்றையும் அன்றே கடையிலிருந்து அகற்றினோம். அரசாங்கம் தடை போட்டது பிறகுதான்.

நாலாம் நாள் குழாயைக் கழற்றினார்கள். முருகன் காப்பாற்றிவிட்டான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு கிழமை ஆகவில்லை, குளியலறையில் வேப்போடு அவளைப் பிடித்தேன். யாரோ சிநேகிதியிடம் வாங்கியிருக்கிறாள். கையை ஓங்கிவிட்டேன். அவள் தடுக்கவில்லை.

"அடியுங்கோ அம்மா. எனக்கும் விடத்தான் விருப்பம். ஏலாமக் கிடக்கு."

ஓங்கிய கை இறங்கிவிட்டது. பிள்ளை கெட்டுப்போனாள் என்று நினைத்திருந்தேன். அவள் அந்தப் பழக்கத்திடம் பிடிபட்டுப் போயிருந்தாள்.

அதற்குப் பிறகு வேறு விதமாக மன்றாடினேன். அந்த ஆசையை அவளிடமிருந்து எடு, எடுக்கும் மட்டும் எனக்குப் பொறுமை தா என்று கேட்டேன். ஒரு நாளில் அவன் எடுக்கவில்லை. பழக்கத்தை விடவைக்கிற கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலையிடியில் சுவரில் முட்டுவாள், கோப்பையைத் தூக்கி எறிவாள், என்னைப் பிடிக்கவில்லை என்று கத்துவாள். பக்கத்தில் இருந்தேன். இரண்டு தரம் விழுந்து எழும்பினாள். கந்தசஷ்டி விரதத்தின் கடைசி நாள் காலை, ஒளித்து வைத்திருந்த ஒன்றைத் தானாகவே கொண்டுவந்து என் கையில் தந்தாள். "இனி என்ர பையை நீங்கள் தேடிப் பாக்கத் தேவையில்லை அம்மா" என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. நான் தேடிப் பார்க்கவில்லை.

நெட்போலில் ஓடி விளையாடிய பிள்ளை இன்று மாடிப்படியின் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறாள். அந்த மூச்சை முருகன் இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்பதை விடவில்லை.

அடியார்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மானத்துக்குப் பயந்து மூடி வைக்காதீர்கள். டொக்டரிடமும் போங்கள், முருகனிடமும் போங்கள். குற்றவாளியாகப் போய் நின்ற என்னையே அவன் தள்ளிவிடவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சாம்பவிக்கு அர்ச்சனை செய்த பிறகு இன்னொரு அர்ச்சனைத் தட்டும் கொடுக்கிறேன். நான் விற்றவை எந்தெந்த வீட்டுக்குப் போய் எந்தப் பிள்ளையின் கைக்குப் போனதோ எனக்குத் தெரியாது. முதல் தரம் ஐயர் வழமைபோலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"தெரியாது ஐயா. பிள்ளையள் எண்டு சொல்லுங்கோ" என்றேன்.