பாறையா, கிடாவா?

வரையாடு கணக்கெடுப்பில் சம்பளம் கிடையாது, அட்டைக்கடி உண்டு. லீவு நாளில் வனத்துறைக்கு உதவப் போய் முழங்கால் சிராய்த்துத் திரும்பியவர்களே, நீங்கள் என் இனம். உங்களுக்கு இது புரியும்.

வீட்டில்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் மாணவி. புளியங்குடிக்கு மேலே செங்குத்துப் பாறைகளில் திரியும் காட்டு ஆடுகளை எண்ண ஆள் கேட்கிறார்கள் என்று சங்கரன்கோவில் வீட்டில் சொன்னேன். பையன்கள் போகலாம், நான் ஏன் போகக் கூடாது என்று அப்பாவிடம் வாதாடினேன். பேப்பரை மடக்கி வைத்துவிட்டுச் சரி என்றார். அம்மா இருந்த ஒரே நல்ல கம்பளியை என் பையில் திணித்துக்கொண்டே சொன்னாள்: "ஏட்டி, ஆடு எண்ணுததுக்கா ஒன்னைப் படிக்க வைக்கோம்? மேலநீலிதநல்லூர் ரோட்டை மறிச்சிக்கிட்டு ஒரு மந்தையே நிக்குதே, அதை எண்ணேன்."

கரண்டி

ஒரு பாறைமுகத்துக்கு இரண்டு பேர். தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் செல்லும். அடிவார முகாமில் ரேஞ்சர் இப்படி ஆள் பிரித்து, என்னைச் சமையலுக்குப் போட்டார். கடைசிப் பாறைமுகத்துக்கு ஃபாரஸ்ட் கார்டு செல்லையா அண்ணாச்சி மட்டுமே மிச்சம் என்பதால் அதை விட்டுவிடலாம் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணி வைப்பவர்கள் நடமாடுவதே அங்கேதான். கணக்கில் ஆடு இல்லையென்றால் காவலுக்கு வாட்சர் எப்படி வருவார்? கேட்டேன். சோறு வடிக்கத் தெரிந்த ஆண் இந்த முகாமில் ஒருவர்கூட இல்லையா என்றும் கேட்டேன். கோபப்பட்டிருக்கலாம், மனிதர் சிரித்துவிட்டு பைனாகுலரைக் கையில் கொடுத்தார். "போம்மா. ஆனா மேல சத்தம் போட்டா ஆடெல்லாம் கேரளாவுக்குப் போயிரும், பாத்துக்கோ."

பாறை

நானும் அண்ணாச்சியும் எதிர் மேட்டில் குப்புறப் படுத்து எண்ணினோம். அவருக்குப் பத்து, எனக்குப் பதினொன்று. விளிம்பில் கறுப்பாகக் கிடந்தது அவருக்குப் பாறை, எனக்குக் கிடா. வாய் திறக்கக் கூடாதே! விரலால், புருவத்தால், கடைசியில் முழங்கையால் சண்டை போட்டேன். அதற்குள் மஞ்சு மூட்டம் இறங்கி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

பதினொன்று என்று என் கணக்குக்குத் தலையாட்டிவிட்டு அண்ணாச்சி கீழே இறங்கியிருக்கலாம். பார்க்காததைச் சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டி, நனைந்துகொண்டே படுத்திருந்தார். மஞ்சு விலகியதும் அந்தக் கறுப்பு எழுந்து, வயதான கிடாவுக்கே உரிய வெள்ளி முதுகு மின்னச் சோம்பல் முறித்தது. என் காதருகே முணுமுணுத்தார்: "தாயி, நீ கையை ஆட்டின ஆட்டுல பாறைக்கே உசிரு வந்துட்டு."

முகாமில்

அந்தப் பாறைமுகம் கணக்கில் ஏறியது. பிறகு வாட்சரும் ஏறினார். ஆனால் அன்று முகாமில் பையன்கள் விடவில்லை. இவள் மிரட்டியே ஒரு ஆட்டைக் கூட்டியிருப்பாள் என்று கேலி. ரேஞ்சருக்கும் சந்தேகம் வந்து அண்ணாச்சியைக் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "இந்தப் பிள்ளை சொல்லி நான் ஒத்துக்கிடல சார். கிடாவே எந்திரிச்சி நின்னு சொல்லிச்சி."

என்னிடம் வாதத்தில் தோற்ற அப்பாவும் ரேஞ்சரும்தான் என்னை மலையேற்றிவிட்டார்கள். ஜெயித்த நான் செய்ததெல்லாம் எண்ணியதுதான்.