வண்டி வர்ற பக்கம் என் பக்கம்

பஸ்ஸோட டீசல் புகை... அதுல கலந்து வர்ற ரோஜா பவுடர் வாசனை... என் மணிக்கட்டுல பிலோவோட வேர்த்துப்போன கை.

அடையார் சர்தார் படேல் ரோட்ட கிராஸ் பண்றதுன்னா எனக்கு இன்னிக்கும் இதான் ஞாபகம் வரும்.

பிலோன்னா பிலோமினா. சாந்தோம் பொண்ணு, அப்பா அம்மா ரெண்டு பேரும் டீச்சர். எங்க ரெண்டு பேருக்கும் அதான் முதல் வேலை. பக்கத்து பக்கத்து சீட். ஆபீஸ் இந்தப் பக்கம், நாங்க சாப்பிடற மெஸ் அந்தப் பக்கம், நடுவுல அந்த ரோடு.

ரோடுன்னா பிலோவுக்கு உயிரே போயிடும். கண்ண இறுக்க மூடிக்கிட்டு "மாதாவே, மாதாவே"ன்னு கூட வருவா. வண்டி வர்ற பக்கம் நான். முதல் பாதி அவளுக்கு வலது பக்கம், மீடியன் ஏறினதும் டக்குனு இடம் மாறி இடது பக்கம். சென்னையில இத யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கறதில்ல. ரெண்டு பேர்ல யாருக்கு தைரியம் ஜாஸ்தியோ அவங்கதான் வண்டிப் பக்கம்.

மூணு சட்டம் வெச்சிருந்தேன். கைய காட்டு. ஓடாத. பாதியில திரும்பாத.

ஒண்ணு சொல்லணும். ஆபீஸ்ல அவதான் கெட்டி. எந்த சந்தேகம்னாலும் நான்தான் அவ சீட்டுக்கு போய் நிக்கணும். அவளுக்கு நான் தேவைப்பட்ட ஒரே இடம் அந்த ரோடுதான்.

அதுக்கும் வந்துச்சு ஆப்பு...

ஜெர்மனியிலேருந்து ஹானான்னு ஒரு பொண்ணு, ஆறு மாசம் எங்க ஆபீஸ்ல வேலை பாக்க வந்தா. முதல் நாளே சாப்பிடக் கூட்டிட்டுப் போனோம். அவ ஊர்ல வண்டி இடது பக்கத்துலேருந்து வருமாம். இடது பக்கம் நல்லா பாத்துட்டு அழகா கால வெச்சா. வலது பக்கம் மலை மாதிரி ஒரு பஸ்! அவ பைய புடிச்சு இழுத்தது நான். ஆனா அவ நன்றியோட கட்டிக்கிட்டது பக்கத்துல நின்ன பிலோவ.

அப்புறம் கேட்டா பாருங்க ஒரு கேள்வி. "பட்டன் எங்க?"

கம்பத்துல ஒரு பட்டன் இருக்குமாம். அமுக்கினா பச்சை மனுஷன் லைட் எரியுமாம். எரிஞ்சா வண்டியெல்லாம் நிக்குமாம். வரிக்குதிரைக் கோடு எதுக்கு போட்டிருக்கு, அது மேலயே எதுக்கு ஷேர் ஆட்டோ நிக்குதுன்னு ஒண்ணும் புரியாம முழிச்சா. "அப்போ இங்க ரூல்ஸே இல்லையா?"

"இருக்கே. மூணு ரூல் இருக்கு"ன்னு பிலோ ஆரம்பிச்சா. கைய காட்டு, ஓடாத, பாதியில திரும்பாத...

அடிப்பாவி, அது என் மூணு!

பயந்தாங்கொள்ளிக்கு அவளவிட பயந்தாங்கொள்ளி ஒருத்தி கெடச்சா தைரியம் தானா வந்துடும் போல. ஒரே வாரத்துல பிலோ வண்டிப் பக்கம் வந்துட்டா. ஹானா அவ கைய புடிச்சுப்பா. நான் பின்னாடி, மூணு பேர் தண்ணி பாட்டிலயும் தூக்கிக்கிட்டு. பிலோ கைய கீழ வெச்சு விரல மட்டும் ஆட்டி வண்டிய நிறுத்துவா பாருங்க, அதுவும் என்கிட்டேருந்து எடுத்ததுதான். வயிறு எரிஞ்சுது.

டிரைவருங்க வேற. ஹானா கால வெச்சா "போ மேடம், போ மேடம்"னு பஸ்ஸயே நிறுத்தி சிரிப்பாங்க. பின்னாலயே வர்ற எனக்கு, "இன்னாமே, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பெசன்ட் நகர் மாதா கோயில்ல பூசை முடிஞ்சு மூணு பேரும் வெளிய வந்தோம். எங்க பக்கம் சிக்னல்ல சிகப்பு. ரோட்டுல ஒரு நாய் கூட இல்ல. ஹானா நின்னுட்டா. சிகப்புல தாண்டினா சின்ன பசங்க யாராவது பாத்து கத்துப்பாங்களாம். நான் விறுவிறுன்னு அந்தப் பக்கம் போய் திரும்பிப் பாக்கறேன்... பிலோவும் அவகூடவே நிக்கிறா. காலி ரோட்டுக்கு ரெண்டு பேரும் காவல். "வாடி!"ன்னு கூப்பிட்டேன். "இரு, பச்ச வரட்டும்"னா.

எனக்கு அழுகையே வந்துடுச்சு.

ஹானா கிளம்பிப் போனா. அடுத்த வருஷமே பிலோவுக்கும் அவ ஊர்லயே வேலை வாங்கிக் குடுத்து கூட்டிட்டுப் போயிட்டா. பிலோ அங்கயே செட்டில். பனியில ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கிற ஃபோட்டோ வரும்போதெல்லாம் ஹார்ட் போட்டுட்டு, போன கவுத்து வெச்சுடுவேன்.

போன கிறிஸ்மஸுக்கு பிலோ வந்திருந்தா. பழைய மெஸ் இருக்கான்னு பாக்க கிளம்பினோம். அதே ரோடு, வண்டி மட்டும் அப்போ இருந்ததவிட பத்து மடங்கு. அம்மணி இடது பக்கம் பாத்துட்டு ஜம்முனு கால வெச்சா. வலது பக்கத்துலேருந்து ஆட்டோ!

இழுத்தேன். ஆட்டோக்காரர் தலைய வெளிய நீட்டி, "இன்னாக்கா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

இந்தத் தடவ அது அவளுக்கு. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்!

வேர்த்த கை வந்து என் மணிக்கட்ட புடிச்சுது. கண்ண மூடிக்கிட்டா. "மாதாவே, மாதாவே..." மீடியன்ல இடம் மாறினேன். அந்தப் பக்கம் போய் சேர்ந்ததும் கேட்டுட்டேன்.

"அங்க ஹானா கையத்தான் புடிச்சுக்குவியா?"

"அங்க எதுக்குடி கைய புடிக்கணும்? அதான் பட்டன் இருக்கே."

பட்டன்! எத்தனை வருஷம் அனாவசியமா எரிஞ்சிருக்கேன்...

ஜனவரியில அவ திரும்பிப் போயிட்டா. இப்போ இங்கயும் சில இடத்துல பச்சை மனுஷன் வந்துட்டான், நொடி எண்ணிக் காட்டறான். நேத்து தனியாத்தான் கிராஸ் பண்ணேன். மீடியன் ஏறினதும் கால் தானா இடது பக்கம் மாறி, வலது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நின்னுச்சு.