யசிந்தாவின் தடிமன்

சைக்கிள் ரயரில் டைனமோ உரசும் சத்தம்... சூடேறிய ரப்பர் மணம்... போன கிழமை யசிந்தா இறந்த செய்தி கேட்டதும் முதலில் நினைவுக்கு வந்தவை இவைதான்.

வானொலி நாடகங்களில் அவள் குரலை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். எனக்கு அவள் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்த கொக்கிளாய்ப் பெண். படிப்பு முடிய கொழும்புக்குப் போய் நடிகையானாள்.

போர்க்காலத்தில் நாங்கள் உடையார்கட்டில் இடம்பெயர்ந்து இருந்தோம். யசிந்தாவின் தாய் அந்தோனியா மாமி பக்கத்து வளவு. கொழும்புப் பாதை பூட்டு. மகளிடமிருந்து மாதக்கணக்காகக் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்று அறிய ஞாயிற்றுக்கிழமை நாடகம் ஒன்றுதான் வழி.

மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. என் கணவர் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஏறியிருந்து மிதிப்பார். டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர். அவர் மிதித்தால்தான் யசிந்தா கதைப்பாள்.

ஒரு நாள் நாடகத்தில் அவளுடைய கணவன் இறந்துவிட்டான். அவள் அழுத அழுகையில் முற்றத்துப் பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். மாமி மட்டும் வானொலியில் காதை வைத்தபடி,

"பிள்ளை, இவளுக்குத் தடிமன். சளி பிடிச்சு மூக்காலை கதைக்கிறாள்" என்றார்.

"மாமி, அங்கை புருசன் செத்துக் கிடக்கிறான். நீங்கள் தடிமனைக் கதைக்கிறியள்" என்றாள் ஒருத்தி.

"அது நாடகத்துப் புருசன். தடிமன் என்ரை பிள்ளைக்கு."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பில் என் கணவரின் கால் தளர, குரல் தேய்ந்து போனது... மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தம்பி, நிப்பாட்டிப் போடாதேங்கோ."

அவர் நிறுத்தவில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, கடைசியில் நடிகர்களின் பெயர் வாசிக்கும்வரை மிதித்தார். மகளின் பெயரைக் கேட்டபிறகுதான் மாமி எழும்பினார். தடிமன் என்றால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். நாடகங்களை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். அதை நான் ஏன் சொல்ல வேண்டும்?

மாமியும் இல்லை, என் கணவரும் இல்லை. இப்போது யசிந்தாவும்...

இன்றைக்கு அந்தக் குரலைக் கைபேசியில் எத்தனை தரமும் கேட்கலாம். யாரும் வியர்க்கத் தேவையில்லை. ஆனால் அவள் இறந்த செய்தி வந்த அன்று காலையில் 'கொழும்பைச் சேர்ந்த கலைஞர்' என்றார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வானொலி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, நீங்கள் அவாவுக்கு என்ன முறை?" என்று மரியாதையாகத்தான் கேட்டார் தொலைபேசியில் கதைத்த பிள்ளை.

"கூடப் படிச்சனான். அவாவின்ரை தாய் இருந்தால் அவா எடுத்திருப்பா. இல்லாதபடியால் நான் எடுக்கிறன். ஊர் கொக்கிளாய். எழுதிக்கொள்ளுங்கோ."

அன்று மாலைச் செய்தியில், 'முல்லைத்தீவு, கொக்கிளாயில் பிறந்த' என்று வாசித்தார்கள்.

கதிரையை விட்டு எழும்பி நின்று கேட்டேன்.