ஐந்து எம்.எல். மருந்து

என் தம்பிக்குப் பத்து மாதம் இருக்கும்போது அவனைக் காப்பாற்றியவள் நான்தான் என்பது குவைத்தின் மங்காஃபில் எங்கள் கட்டடத்தின் நான்கு மாடிக்காரர்களுக்கும் தெரியும். தெரியாதவர்கள் அந்த மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தவர்கள் மட்டும்தான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, சரியாக நினைவில்லை. வாப்பா ஃபஹாஹீலில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். உம்மாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், குர்ஆன் ஓதத் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. வீட்டில் இங்கிலீஷ் எழுத்து எதுவானாலும் என் கைக்குத்தான் வரும். எனக்கும் அது ஒரு வியாதியாகவே இருந்தது. பால்பவுடர் டின், ஷாம்பு பாட்டில், குப்பூஸ் ரொட்டி வரும் பிளாஸ்டிக் பை, எதையும் கடைசி எழுத்து வரைக்கும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன்.

அந்த வருடம் வாப்பாவின் அக்கா, எங்கள் மாமி, விசிட் விசாவில் கீழக்கரையிலிருந்து மூன்று மாதத்துக்கு வந்திருந்தார். நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். கொண்டுவந்த பெட்டியில் பாதி தொதல் அல்வாவும் கருவாடும், மீதிப் பாதி மருந்து. குவைத்தில் மருந்துக்குப் பஞ்சம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். உம்மா அவரை மைனி என்று கூப்பிடுவாள். மாமி எதிரில் உம்மாவின் குரல் பாதியாகிவிடும். மாமி உப்பு போதாது என்றால், சரியாக இருக்கும் குழம்பிலும் உம்மா ஒரு சிட்டிகை போடுவாள்.

மாமி வந்த இரண்டாவது வாரம் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. கிளினிக்கில் அவனை எடை மெஷினில் படுக்கவைத்துப் பார்த்தார்கள், ஒன்பது கிலோ. டாக்டரம்மா ஒரு இளஞ்சிவப்பு சிரப் எழுதிக் கொடுத்து, ஒரு வேளைக்கு ஐந்து எம்.எல்., ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் ஆறு மணி நேரம் இடைவெளி என்றார். மருந்தோடு ஊசியில்லாத சிறிய சிரிஞ்சு ஒன்றும் வந்தது. அதில் ஐந்து என்ற கோட்டின்மேல் உம்மா தன் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். அந்தப் பொட்டுவரை மருந்தை இழுத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். தம்பி துப்பாமல் குடித்துவிடுவான்.

வெள்ளிக்கிழமை விடிகாலை ஃபஜ்ர் தொழுகை நேரத்தில் கொடுத்ததோடு அந்தக் குப்பி முடிந்தது. பதினொன்றரை மணிக்கு மறுபடியும் உடம்பு கொதித்தது. வாப்பா ஜும்ஆவுக்குக் கிளம்பிப் போயிருந்தார். கட்டடத்து ஆண்கள் எல்லோரும் போயிருந்தார்கள். கீழே இருந்த பார்மசியும் ஷட்டரை இறக்கிவிட்டது. தொழுகை முடிந்துதான் திறக்கும்.

"இதுக்கு எதுக்குக் கலங்குறே? நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் மாமி. பெட்டியைத் திறந்து ஒரு சிறிய அட்டைப் பெட்டியை எடுத்தார். "நம்மூரு காய்ச்சல் மருந்து. எம்பேரனுக்கு இதான் கேக்கும். அதே மருந்துதான், கடைக்காரன்கிட்ட கேட்டுத்தான் வாங்கினேன்."

உள்ளே என் விரல் நீளத்துக்கு ஒரு குப்பி. உம்மா சிரிஞ்சை எடுத்தாள். சிவப்புப் பொட்டுவரை இழுத்தாள். நான் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. ஒரே இழுப்பில் குப்பியில் மூன்றில் ஒரு பங்கு காலி. மூன்று வேளைக்கே தீர்ந்துபோகிற மருந்தை எவனாவது செய்வானா? குப்பியை எடுத்து வாசித்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. பாராசிட்டமால் என்றுதான் போட்டிருந்தது. ஆனால் ஒவ்வொரு எம்.எல்.லிலும் நூறு மில்லிகிராம் என்று இருந்தது.

குப்பைக் கூடையிலிருந்து பழைய குப்பியை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு ஐந்து எம்.எல்.லிலும் நூற்றிருபது.

எங்கள் வகுப்பில் கணக்கில் நான் மூன்றாவது ஆள். முதல் இரண்டு பேர் அன்று அங்கே இல்லை என்பதால் நானே கணக்குப் போட்டேன். ஐந்து நூறு, ஐந்நூறு. அங்கே நூற்றிருபது.

"உம்மா, குடுக்காதே. இது நாலு மடங்குக்கு மேல."

"என்ன மடங்கு?" என்றார் மாமி.

நான் சொன்னேன். வேகமாகச் சொன்னதால் எனக்கே பாதி புரியவில்லை. மாமி என் கையிலிருந்து குப்பியை வாங்கிக் கட்டிலில் வைத்தார். "பெரியவங்க மருந்து குடுக்கும்போது புள்ளைங்க குறுக்கே பேசப்படாது. காய்ச்சல் மருந்து எல்லாம் ஒண்ணுதான். டாக்டர் அஞ்சுன்னா அஞ்சு. நாலு புள்ள வளத்தவ நான் சொல்றேன், நீ குடும்மா."

உம்மா என்னைப் பார்த்தாள். மாமியைப் பார்த்தாள். சிரிஞ்சு தம்பியின் வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சொல்வது சரியென்று எனக்குத் தெரியும், ஆனால் அந்த வீட்டில் மாமி சொல்லி நடக்காத காரியம் எதுவும் அதுவரை இருந்ததில்லை.

அடுத்த நொடி மருந்து முழுக்க உம்மாவின் சேலை மடியில் கிடந்தது.

"கை நடுங்கிப்போச்சு மைனி," என்றாள் உம்மா.

மாமிக்குக் கோபம் வந்தது. நல்ல மருந்து வீணாகிவிட்டதே என்றார், இன்னொரு தடவை இழு என்றார். "இருக்கட்டும் மைனி, மிச்சத்தையும் கொட்டிடுவேன் போல இருக்கு. தொழுகை முடிஞ்சு கடை திறக்கட்டும்," என்று உம்மா தம்பியின் சட்டையைக் கழற்றிவிட்டு அவனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். அவன் நன்றாகக் குடித்தான். நான் மூலையில் இருந்து உம்மாவின் மடியில் இருந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பயந்தாங்கொள்ளியாக இருக்கிறாளே என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

ஷட்டர் ஏறியதும் நாங்கள் எல்லோரும் இறங்கிப் போனோம். தான் சொன்னதுதான் சரி என்று கேட்டுவிட வேண்டும் என்பதால் மாமியும் புர்காவைப் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு குப்பிகளும் என் கையில் இருந்தன.

பார்மசிக்காரர் மலையாளி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. "இதுல அஞ்சு எம்எல் கொடுத்தாச்சா?"

"இல்ல, சிந்திப்போச்சு," என்றாள் உம்மா.

அவர் மூச்சு விட்டார். "நல்லதாப் போச்சு. உம்மா, மருந்து ஒண்ணுதான், ஆனா இது துளிக்கணக்கில கொடுக்கிற வீரியம் கூடின மருந்து. சீட்டில எழுதின அஞ்சு எம்எல் அந்தச் சிரப்புக்கு மாத்ரம். குப்பி மாறினா அளவும் மாறும். கூடிப்போனா ஈரலைக் கெடுக்கும், பார்த்தா உடனே தெரியவும் செய்யாது." பிறகு, "வேற ஏதாவது மருந்து கொடுத்ததா?" என்று கேட்டார்.

உம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

மாமி கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து, "காலைல ஒம்பது மணிக்குச் சளி மருந்து அரைக் கரண்டி குடுத்தேன். மூக்கடைச்சுக் கஷ்டப்பட்டான். இவளுக்குத் தெரியாது," என்று அந்தக் குப்பியை எடுத்து வைத்தார்.

அதிலும் பாராசிட்டமால் இருந்தது. அந்தக் குப்பி இருப்பதே எனக்குத் தெரியாது. இவ்வளவு சின்னப் பிள்ளைக்குச் சளி மருந்தே கூடாது என்றார் பார்மசிக்காரர். டீக்கரண்டியில் எவ்வளவு போனது என்று சொல்ல முடியாது என்பதால், மூன்று குப்பிகளையும் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்க் காட்டச் சொன்னார். டாக்சியில் மாமி தம்பியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார்.

டாக்டரம்மா தம்பியின் கண், வயிறு, காது எல்லாம் பார்த்தார். எது எப்போது கொடுத்தது என்று கேட்டு எழுதிக்கொண்டார். காலையில் போனது ஆபத்தான அளவில்லை, ஆனால் மாலை வரைக்கும் காய்ச்சல் மருந்து எதுவும் வேண்டாம், காதில்தான் சீழ் வைத்திருக்கிறது என்று வேறு மருந்து எழுதினார். பன்னிரண்டு மணிக்கு அந்த ஐந்து எம்.எல்.லும் உள்ளே போயிருந்தால் பிள்ளையைப் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருந்திருக்கும் என்றார். "யார் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மாமி என்னைக் கை காட்டினார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வாப்பா கடையில் எல்லோருக்கும் சொல்லி, எனக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கி வந்தார். மூன்றாம் மாடி யாழ்ப்பாணத்து அங்கிள் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் வீடு வீடாகப் போய் மருந்துக் குப்பிகளை வாங்கி வாசித்தேன். ஒருவர் வீட்டில் தேதி முடிந்த இருமல் மருந்து அகப்பட்டது. இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். மாமிகூட ஒரு மாலையில் தன் பெட்டி முழுவதையும் என் முன்னால் கொட்டி, "ஒவ்வொண்ணுலயும் தமிழ்ல பெருசா எழுதி ஒட்டு," என்றார். எழுதி ஒட்டினேன். மருந்து கொடுத்த நேரத்தைக் குறிக்க ஃபிரிட்ஜில் ஒரு தாள் ஒட்டினேன். அதில் முதல் ஆளாகக் குறித்தது மாமிதான்.

கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். நான் மட்டும் கத்தியிருக்காவிட்டால், உம்மா பயந்து கையை ஆட்டியிருக்காவிட்டால் என்று. கேட்பவர்கள் சிரிப்பார்கள். உம்மாவும் சிரிப்பாள். ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.

போன வருடம் என் மகளுக்குக் காய்ச்சல். அவள் எடைக்குச் சொன்ன அளவை சிரிஞ்சில் இழுத்து வாயருகே கொண்டுபோனேன். அவள் உதைத்த உதையில் சிரிஞ்சு என் கையிலிருந்து தெறித்துத் தரையில் விழுந்து, கட்டிலுக்கு அடியில் உருண்டது. முழங்கால் போட்டு எடுத்தேன். வெளியே ஒரு சொட்டுகூட வரவில்லை. அளவு அப்படியே கோட்டில் நின்றது. கை நடுங்கினால் சிரிஞ்சிலிருந்து மருந்து சிந்தாது. கட்டைவிரலால் கடைசிவரைக்கும் அழுத்தினால்தான் வரும்.